அறுபத்தோராம் பக்கம்

"அந்தப் பென்சில் பக்கம் எங்கண்ணே இருக்கு?"

போன வாரம் முத்துமீனா இப்படிக் கேட்டுவிட்டு, பதிலுக்காக வாசற்படியிலேயே நின்றிருந்தாள். அருண்பாண்டி தலையை நிமிர்த்தாமல் "தெரியல" என்றான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவன் சொன்னது பொய்.

ஐந்து வருஷமாக அந்த விளாங்குடி வீட்டில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதை ஒரு நோட்டில் எழுதினால் நாலு பக்கம் தேறாது. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால் ஒரு நாள் தீர்ந்திருக்கும். இது தூசு படிகிற மாதிரி, யாரும் கவனிக்காமல் படிந்த மௌனம்.

சதுரங்கப் போட்டியின் கடைசி நாள் விடிந்தது. மே மாதத்து வெயில் ஏழு மணிக்கே தெருவில் இறங்கி உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு இட்டிலியாவது தின்னுட்டுப் போடி. வெறும் வயித்துல என்னத்த ஓசிப்ப?" என்றாள் அம்மா தங்கப்பொண்ணு.

"சாப்புட்டா தூக்கம் வரும்மா."

"அப்ப மத்தியானம் தூக்குல கொண்டாரேன். மாட்டேன்னு சொல்லிறாத."

மீனா தோள்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அருண் அங்கே பல் தேய்த்துக்கொண்டிருந்தான். செருப்பின் வாரை இழுத்துவிட்டபடி, அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

"இன்னைக்கு எனக்குக் கறுப்புக் காய்ண்ணே."

"ம்."

"அவ குதிரையப் பாய விட்டான்னா, நம்ம பக்கத்தத்தான் ஆடப்போறேன்."

அருணின் வாயில் பேஸ்ட் நுரை. துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம் மீனா, அதுல ஓட்டை இருக்கு. அவ்வளவுதான். அவன் துப்பி முடித்தபோது அவள் தெருமுனை திரும்பியிருந்தாள்.

"ஏண்டா, தங்கச்சிக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லி அனுப்புனா உன் வாயில இருக்கிற முத்து கொட்டிப் போயிருமா?" என்றாள் தங்கப்பொண்ணு.

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

மாநிலப் பெண்கள் சதுரங்கப் போட்டி இந்த வருஷம் மதுரையில். ஒன்பது சுற்றுகளில் எட்டு முடிந்துவிட்டன. முதல் நாலு பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். மீனா இன்று ஜெயித்தால் நாலாவது இடம். டிரா ஆனால்கூட ஐந்தாவது. ஐந்தாவது இடத்துக்கு ஒரு கைகுலுக்கல்தான் கிடைக்கும்.

அவளுக்கு இருபத்துநாலு வயது. ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே பில் போடும் வேலை. தேசிய அளவில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வேக்கு விண்ணப்பம் போடலாம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். கடையில் இனி லீவு கேட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

எதிரே உட்காரப்போகிறவள் சென்னை அலர்மேல்மங்கை. எட்டுச் சுற்றில் ஒன்றுகூடத் தோற்காதவள்.

*

திண்டுக்கல் ரோட்டில் அருணுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. எஸ்.டி.டி. பூத்தும் அதிலேயேதான். ஷட்டரைத் தூக்கிவிட்டு, மெஷினுக்கு அடியில் இருந்த டிராயரை இழுத்தான். டோனர் டப்பாக்களுக்குக் கீழே, பாலித்தீன் உறைக்குள், அது இருந்தது.

ஒரு கோடு போட்ட நோட்டுத்தாள். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. மேலே ஒரு மூலையில் 61 என்று போட்டிருந்தது. அது மீனாவின் ஒன்பது வயதுக் கையெழுத்து. கீழே நகர்த்தல்கள் எல்லாம் அவனுடைய பன்னிரண்டு வயதுக் கையெழுத்து.

கிளை நூலகத்தில் சதுரங்கம் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. சித்திரைப் பொருட்காட்சியில் அப்பா ஆண்டிச்சாமி வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் காய்களை வைத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தை ஒரு விடுமுறை முழுக்க இரண்டு பேரும் வரி வரியாக ஆடிப் பார்த்தார்கள். கறுப்பு மந்திரி ஒன்று வந்த வாரமே தொலைந்துபோய், அதற்குப் பதில் ஒரு நீலப் பேனா மூடி நின்றது.

அறுபதாம் பக்கத்தில் ஒரு தொடக்க ஆட்டம். இரண்டு பக்கமும் சிப்பாயை நடுவில் நகர்த்தி, குதிரைகளை இறக்கி, வெள்ளை தன் மந்திரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பிறகு வெள்ளைக் குதிரை திடீரென்று பாய்ந்து முன்னே வருகிறது. அந்தக் குதிரையும் மந்திரியும் சேர்ந்து கறுப்பு ராஜாவை ஒட்டி நிற்கிற ஒற்றைச் சிப்பாயைக் குறிவைக்கின்றன. பக்கத்தின் கடைசி வரி இப்படி முடியும்: 'இந்த அபாயத்தைத் தவிர்க்கக் கறுப்பு செய்ய வேண்டியது.'

அடுத்த தாளை யாரோ கிழித்திருந்தார்கள். அதற்கடுத்து அறுபத்து மூன்றாம் பக்கம் வேறு ஒரு ஆட்டத்தில் தொடங்கியது.

அந்தத் தாளில் என்ன இருந்திருக்கும் என்று அண்ணனும் தங்கையும் பதினேழு நாள் யோசித்தார்கள். மீனாதான் பேனா மூடியை அதன் கட்டத்திலிருந்து வெளியே நகர்த்தினாள். "சிப்பாய அவன் தின்னுட்டுப் போகட்டும்ண்ணே. நம்ம அதுக்குள்ள இங்கிட்டுப் போயிருவோம்." ஆடிப் பார்த்தார்கள். வெள்ளைக் குதிரை சிப்பாயைத் தின்றால், ராணியும் யானையும் பறிபோகும்போல இருக்கும். ஆனால் அதற்குள் கறுப்பு மந்திரி வெள்ளை ராஜாவின் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அருண் அதைப் பதினோரு நகர்த்தல்வரை எழுதினான். எழுதியதை மடித்துப் புத்தகத்தில் செருகி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். நாளாக ஆக, அது தாங்கள் எழுதியது என்பதே அருணுக்கு மறந்துபோனது. புத்தகத்தில் இருக்கிற ஆட்டம் என்றே நினைத்தான். அதை ஆடியே மாவட்ட ஜூனியர் சாம்பியன் ஆனான்.

ஐந்து வருஷத்துக்கு முன், தொண்ணூற்றிரண்டில், திண்டுக்கல்லில் ஒரு போட்டி. எதிராளி குதிரையால் தின்னவில்லை. மந்திரியால் தின்றான். செக். பென்சில் பக்கத்தில் அந்த நகர்த்தலே இல்லை. பன்னிரண்டு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் அது தோன்றவே இல்லை. அருண் ராஜாவைப் பக்கத்துக் கட்டத்தில் ஒளித்தான். மூலையில் அவனுடைய யானை அடைபட்டுக்கொண்டது. இருபத்திரண்டாவது நகர்த்தலில் தோல்வியை ஒத்துக்கொண்டு கை கொடுத்துவிட்டு எழுந்தான்.

போட்டி வாசலில் ஒரு புத்தகக் கடை போட்டிருந்தார்கள். அதே புத்தகம், புதுப் பதிப்பு. அறுபத்தோராம் பக்கத்தைத் திருப்பினான். அங்கே வேறு என்னவோ இருந்தது. ஒரு சாதாரணச் சிப்பாய் நகர்த்தல். பேனா மூடி இல்லை. பாய்ச்சல் இல்லை. அவர்கள் பத்து வருஷம் ஆடியது எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று.

வீட்டுக்கு வந்து காய்ச்சல் என்றான். அதற்குப் பிறகு காய்களைத் தொடவில்லை. மீனாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் போனபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வருஷம் போனபின் சொல்லவே முடியாததாயிற்று.

கடைச் சுவரில் மணி ஒன்பது இருபது. அருண் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்து எழுந்தான்.

"தம்பி, பத்திரம் ஒண்ணு. பதினாலு காப்பி வேணும்." சோழவந்தான்காரர் ஒருவர் வெற்றிலை வாயோடு எதிரே நின்றார்.

"கடை சாத்தியாச்சுங்க."

"தெறந்துதானே தம்பி கெடக்கு!"

ஒன்பதாவது காப்பியில் பேப்பர் சிக்கியது.

*

காளவாசல் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குள் அவன் ஓடி நுழைந்தபோது பத்து மணி நாலு நிமிஷம்.

முதலில் கண்ணில் பட்டது மேடை. மறுநாள் முகூர்த்தத்துக்காகப் பாதி ஜோடித்த மணமேடை. அதன் மேல் முதல் இரண்டு பலகைகளைப் போட்டிருந்தார்கள். மீதி எல்லாம் கீழே ஹாலில். முதல் பலகையில் அலர்மேல்மங்கைக்கு எதிரே, தெர்மகோல் மயில்களுக்கு நடுவில், மீனா உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

மேடைக்கு முன் கட்டியிருந்த கயிற்றுக்கு அருகில் நடுவர் வெங்கடேஷ்பாபு அவன் கையைப் பிடித்தார். மாவட்டச் சங்கத்தில் இருபது வருஷமாக இருப்பவர். அருண் கோப்பை வாங்கிய காலத்தில் அவனைத் தோளில் தட்டியவர்.

"யார்றா இது, அருணா? மதுரைக்கு இன்னைக்கு மழ வந்துரும்போல." குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் கேலி முழுசாக இருந்தது.

"சார், ஒரே ஒரு வார்த்த. சொல்லிட்டு வந்துர்றேன்."

"கடிகாரம் போட்டாச்சுப்பா."

"ஒத்த வார்த்தை சார்."

"நீ ஒத்த வார்த்த பேசுனாலும் நான் அவளத்தான் வெளியேத்தணும். இம்புட்டு நாளு எங்க போன? போயி உக்காரு."

கேள்வியில் இருந்த நியாயம் அவனை நாற்காலியில் உட்கார வைத்தது.

மேடையின் பக்கத்துச் சுவரில் பெரிய காட்சிப் பலகை ஒன்று தொங்கியது. வெங்கடேஷ்பாபு போய் ஒவ்வொரு நகர்த்தலாக அதில் மாற்றினார். சிப்பாய், சிப்பாய். குதிரை, குதிரை. வெள்ளை மந்திரி. மறுபடி கறுப்புக் குதிரை.

பிறகு வெள்ளைக் குதிரை பாய்ந்தது.

அறுபதாம் பக்கம் முடிந்துவிட்டது. அருண் மேடையைப் பார்த்தான். மீனா கையை முகவாயில் வைத்திருந்தாள். சிப்பாயத் தள்ளு, மீனா. புஸ்தகத்துல இருக்கிறதத் தள்ளு.

அவள் கறுப்பு மந்திரியை வெளியே நகர்த்தினாள்.

அடிபடப்போகிற சிப்பாயைக் கவனித்த மாதிரியே இல்லை. அலர்மேல்மங்கை நிமிர்ந்து மீனாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் காதுகளை மூடிக்கொண்டு பலகையின் மேல் குனிந்தாள்.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். நாற்பது பலகைகள் இருந்த அந்த ஹாலில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும்தான்.

குதிரையால தின்னு, தாயி. குதிரையால தின்னு.

"வந்துட்டியாடா!" என்று காதருகே ஒரு குரல். தங்கப்பொண்ணு தூக்குச்சட்டியோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மத்தியானச் சோறு பத்தரை மணிக்கே வந்துவிட்டது. "வீட்டுல இருக்க முடியலடா. எங்க உம் தங்கச்சி?"

அவன் மேடையைக் காட்டினான்.

தங்கப்பொண்ணு மணமேடையையே பார்த்தாள். "நான் எம்புட்டு நாளா இவள இப்பிடி மேடையில பாக்கணும்னு நெனச்சேன். உக்காந்துட்டா. எதுத்தாப்புல மாப்ளையத்தான் காணோம்."

"யம்மா, பேசாத."

"ஜெயிக்கிறாளா?"

அவன் பதில் சொல்லும் முன் அலர்மேல்மங்கையின் கை எழுந்தது. அது குதிரையின் மேல் வந்து நின்றது. அருண் மூச்சை இழுத்தான். கை நகர்ந்தது. மந்திரியைத் தூக்கியது. சிப்பாயைத் தின்றது. செக்.

அருண் கண்ணை மூடிக்கொண்டான். திண்டுக்கல் ஹாலின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. தான் ராஜாவைப் பக்கத்தில் நகர்த்திய விரல்கள் தெரிந்தன.

கண்ணைத் திறந்தபோது மீனா எழுந்து நின்றிருந்தாள். மேடை ஓரத்துப் பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள். குடித்தபடியே ஹாலைப் பார்த்தவள், அண்ணனைப் பார்த்துவிட்டாள்.

டம்ளர் உதட்டருகிலேயே நின்றது.

எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அவள் கடிகாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் பயம் இல்லை. கோபமும் இல்லை. எதையோ சரிபார்க்கிற மாதிரி இருந்தது.

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். யோசிக்கவே இல்லை. ராஜாவைத் தூக்கி ஒரு கட்டம் முன்னால் வைத்தாள்.

முன்னால்! பக்கத்தில் அல்ல. எல்லாக் காய்களும் வந்து பார்க்கிற நடுத்தெருவில், குடையும் காவலும் இல்லாமல்.

காட்சிப் பலகையில் அதை மாற்றப்போன வெங்கடேஷ்பாபு, சரியாகத்தான் பார்த்தோமா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மாற்றினார்.

அருணுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளங்கத் தொடங்கியது. ராஜா பக்கத்தில் ஒளிந்து வழியை அடைக்காததால், மூலையில் இருந்த யானை நேராக நடந்து வந்தது. சிப்பாய் செத்துப்போன அந்த வரிசையிலேயே வந்து நின்றது. இழந்த சிப்பாயின் இடம்தான் யானைக்குப் பாதை. அது அங்கே உயிரோடு நின்றிருந்தால் யானையால் எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது.

அடுத்து ராணி தன் வீட்டைக் காலி செய்துகொண்டு ஒரு கட்டம் நகர்ந்தது. வெள்ளையின் இன்னொரு குதிரை வந்து செக் வைத்தது. கறுப்பு ராஜா நிதானமாகத் திரும்பி நடந்து, ராணி விட்டுப்போன வீட்டுக்குள் போய் அமர்ந்துகொண்டது. பதற்றமே இல்லை. வெளியே வந்து நாலு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற மனுஷன் மாதிரி.

இது இன்றைக்குத் தோன்றியது அல்ல. இந்த வழியில் அவள் எத்தனையோ தடவை நடந்திருக்கிறாள். தனியாக. அவன் பக்கத்து அறையில் பேசாமல் படுத்திருந்த நாட்களில்.

பதினோராவது நகர்த்தலில் அலர்மேல்மங்கை குதிரையைப் பின்னால் இழுத்தாள். அதைப் பார்த்தபோது அருணின் மனதில் ஏதோ ஒன்று லேசாக உறுத்தியது. காட்சிப் பலகையின் நடுவில் ஒரு கட்டத்தில் அவன் கண் போய் நின்றது. அதற்குள் ஆட்டம் மேலே போய்விட்டது.

*

இரண்டு மணிக்கு மற்ற எல்லாப் பலகைகளும் முடிந்துவிட்டன. முதல் பலகை மட்டும் மிச்சம்.

இரண்டேகாலுக்குக் கல்யாண வீட்டார் வந்தார்கள். சீர்த்தட்டு, வாழை மரம், மேளம் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. மண்டபத்துக் காவல்காரர் மொக்கையன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா இது, மூணு மணிக்கு மண்டபம் எங்களுக்குல்ல?"

"சத்தம் போடாதீக. உள்ள பரீச்ச நடக்குது."

"மணமேடையிலயா பரீச்ச?"

"பெரிய பரீச்சங்க."

எட்டிப் பார்த்தவர்கள் மேடையில் இரண்டு பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சீர்த்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தவில்காரர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாழை மரம் தூக்கி வந்த இருவர் அதைக் கீழே வைத்தால் சத்தம் வருமென்று தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நூறு பேர் இருந்திருப்பார்கள். ஒருவருக்கும் ஆட்டம் தெரியாது. ஆனாலும் ஏதோ நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

கறுப்பு ராணி எழுந்தது. வெள்ளை ராஜா வெகுநேரமாக மூலையில் பத்திரமாக ஒளிந்திருந்தது. ராணி அந்த மூலைக்கு எதிரே வந்து நின்றது. மந்திரி வந்தது. சிப்பாயின் பாதையில் யானை இறங்கியது.

அலர்மேல்மங்கை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

மீனா அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, ஒரு நிமிஷம் விடவே இல்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் தங்கப்பொண்ணு.

"முடிஞ்சதும்மா."

"யாருக்கு?"

"நமக்கு."

தங்கப்பொண்ணு தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் தவில்காரர், தன்னையறியாமல், ஒரு தட்டு தட்டினார்.

*

மேடையிலிருந்து இறங்கும்போது அலர்மேல்மங்கை கேட்டது அருணின் காதில் விழுந்தது.

"இதை எங்க படிச்சீங்க?"

"எங்கயும் படிக்கலைங்க. எங்கண்ணனும் நானும் சின்னப் புள்ளையில எழுதுனது."

"எழுதினதா? இதுக்குப் பேரே இருக்குங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல ஒரு பாதிரியார் ஆடினது. ஒரு பழைய புஸ்தகத்துல பாத்திருக்கேன். மந்திரியால வெட்டணும்னு மட்டும் அதுல இருந்தது. அதுக்கப்புறம் இல்ல." அவள் சிரித்தாள். "அதுக்கப்புறம் உங்ககிட்டத்தான் இருக்குபோல."

அருண் அங்கேயே நின்றான். முகம் தெரியாத ஒரு பாதிரியார். பனி பெய்கிற ஏதோ ஒரு ஊர். அவருக்கும் ஒரு பக்கம் கிழிந்திருக்குமோ. விளாங்குடியில் பேனா மூடி நின்ற அதே கட்டத்தில், அவர் கையும் போய் நின்றிருக்கிறது. ஐந்து வருஷமாக அவன் அவமானம் என்று பூட்டி வைத்திருந்தது, இருந்திருக்கிறது. உலகத்தில் இருந்திருக்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேஜைகள் காலியாகக் கிடந்தன. தங்கப்பொண்ணு சோற்றைப் பிசைந்து கொடுக்க, மீனா பசித்த பிள்ளை மாதிரி விழுங்கினாள். அருண் எதிரே போய் உட்கார்ந்தான். பாலித்தீன் உறையை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"தெரியலன்னு சொன்னது பொய்."

"தெரியும்," என்றாள் மீனா.

"இதுல ஓட்டை இருக்குன்னு எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும், மீனா. திண்டுக்கல்ல..."

"அதுவும் தெரியும்ண்ணே."

இடது கையால் தோள்பையைத் துழாவி, மடித்த ஒரு தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். நீல நிறக் கார்பன் பிரதி. திண்டுக்கல் ஆட்டத்தில் அவன் நகர்த்தல்களைக் குறித்த தாளின் அடிப்பிரதி. மேல்தாளை அவன் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டிருந்தான். இதை மறந்துவிட்டான்.

"நீ வந்தன்னைக்கு உன் பேண்ட்டத் தொவைக்க எடுத்தேன். பையில இருந்துச்சு."

ஐந்தாவது வரியில், அவன் ராஜாவை ஒளித்த நகர்த்தலின் பக்கத்தில், சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு. தாளைத் திருப்பினான். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. பென்சில், நீலம், கறுப்பு. விளிம்பு வரைக்கும் எழுதி, இடம் போதாமல் தாள் ஒட்டி, அதிலும் எழுதியிருந்தாள். ராஜா முன்னால் வந்தால் என்ன, வந்தபின் என்ன, அதற்குப்பின் என்ன.

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்." அவள் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்குத் தண்ணி குடிக்கையில ஒன்னையப் பாத்தேன். ஒன் மூஞ்சியே சொல்லிருச்சு. சொல்லத்தான் வந்திருக்கன்னு."

அவன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இந்த மௌனம் பழைய மௌனம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அப்போது அந்த உறுத்தல் திரும்பி வந்தது. காட்சிப் பலகையின் நடுக்கட்டம். பதினோராவது நகர்த்தல்.

இப்போது சொல்ல வேண்டாம். பிள்ளை ஜெயித்திருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இன்று மட்டுமாவது சந்தோஷமாக இருக்கட்டும். நாளைக்குச் சொல்லலாம்.

நாளைக்கு.

அருண் நிமிர்ந்தான்.

"மீனா, பதினோராவது மூவ்ல அவ குதிரையப் பின்னால எடுத்தால்ல? எடுக்காம, நடுவுல இருக்கிற சிப்பாயத் தள்ளியிருந்தா?"

மீனாவின் கை வாய்க்கு நடுவழியில் நின்றது. அவள் கண்கள் எங்கோ போயின. சோறு கையிலேயே காய்ந்தது.

"தள்ளியிருந்தா..." என்றாள். "நான் சிப்பாயத் தின்பேன். அவ..."

தலையை ஆட்டினாள். "தெரியலண்ணே."

"இன்னைக்கு ஆட்டத்த எல்லாரும் எழுதிட்டுப் போயிருப்பாக. நேஷனல்ஸ்ல எவளாச்சும் தள்ளுவா."

"எனக்குத் தெரியலண்ணே."

"எனக்கும் தெரியல. காய் வச்சிருக்கியா?"

அவள் கையைக் கழுவாமல் பையைக் கவிழ்த்தாள். மடித்த கட்ட அட்டையோடு, பொருட்காட்சியில் வாங்கிய பிளாஸ்டிக் காய்கள் மேஜை மேல் உருண்டன. அவற்றுக்கு நடுவில், நிறம் வெளுத்த ஒரு நீலப் பேனா மூடி. அருண் அட்டையை விரித்து, மூடியை அதன் கட்டத்தில் நிறுத்தினான். மீதிக் காய்களை இரண்டு பேருமாகப் பதினோராவது நகர்த்தலில் இருந்தபடி அடுக்கினார்கள்.

வாழையிலைக் கட்டோடு சமையல்காரர் வந்துவிட்டார். "எந்திரிங்கப்பா, எந்திரிங்க. பந்தி போடணும்ல."

தங்கப்பொண்ணு குறுக்கே போய் நின்றாள்.

"அந்தக் கடைசி மேசையிலருந்து போட்டுக்கிட்டு வாங்கய்யா," என்றாள். "இதுக ரெண்டும் அஞ்சு வருஷம் கழிச்சுப் பேசுதுக."

அருண்பாண்டி வெள்ளைச் சிப்பாயை நடுவில் தள்ளினான்.